தரையில் இரண்டு தட்டு

ரங்கூன்,
1965 நவம்பர் 21.

அன்புள்ள தம்பி சபாபதிக்கு,

பர்னபாஸ் எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் காளியம்மாவும் வியாசர்பாடிக் குடிசையில் இந்த மழைக்கு நனையாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் மனதுக்கும் குறை இருக்காது.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணம் அல்ல. நீ சொல்லியிருந்த காரியத்தை முடித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். முடிக்கவில்லை. ஆகவே முடிக்காமலே எழுதுகிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஹாக்கி. இப்போது வெளிநாட்டுக் கடிதங்களைப் பிரித்துப் பார்த்த பிறகே அனுப்புகிறார்கள் என்று பேச்சு. காலேஜ் பெண்கள் ஹாக்கி ஆடியதைப் பற்றி எழுதினால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். அதுகூடத் தப்போ என்னவோ.

சென்ற வாரம் சீசன் ஆரம்பம். தூங்குமூஞ்சி மரத்தடியில் நம்முடைய பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். நீ உட்காரும் பக்கத்தில் குடையை வைத்துக்கொண்டேன். யாராவது வந்து கேட்டால் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை. வேலியோரம் முன்பு எத்தனை பேர் நிற்பார்கள், நினைவிருக்கிறதா? இப்போது நானும், சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் பார்க்கும் இரண்டு மாணவர்களும்தான்.

போகும் வழியில் அமீர் அலியின் டீக்கடையில் நின்றேன். அவர் வாய் அப்படியே இருக்கிறது. "வாங்க பர்னபாஸ் சார், கூட்டாளி கப்பலேறியாச்சு, இனிமே பொம்பளப் புள்ளைங்க பந்தடிக்கிறதப் பாக்கத் தனியாவா போறீங்க? எதுக்கும் கையில ஜெப புஸ்தகத்த வச்சுக்கிட்டுப் போங்க, ஊர் ஒண்ணும் சொல்லாது" என்றார். நீயாக இருந்தால் சுடச்சுடப் பதில் கொடுத்திருப்பாய். நான் சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். ஆனால் பஸ்ஸில் போகும்போது, உண்மையிலேயே நான் எதற்காகப் போகிறேன் என்று யோசித்தேன். நீ இருந்தவரை அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. உன் மகள் கமலாட்சி ஆடுகிறாள், நீ போகிறாய், நீ கூப்பிடுகிறாய், நான் வருகிறேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. தெரேசா கர்த்தரிடம் போன பிறகு சனிக்கிழமை சாயங்காலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவனை நீதான் அந்த பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தாய். இப்போது நீ இல்லை. சனிக்கிழமை இருக்கிறது. பெஞ்சும் இருக்கிறது.

அணியைப் பற்றிச் சொல்லவேண்டும். பச்சைச் சட்டை அதேதான். சட்டைக்குள் இருப்பவர்கள் வேறு. லெஃப்ட் விங்கில் மின்னல் மாதிரி ஓடுவாளே நம் செலின், அவள் குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்விட்டாள். பின்வரிசையில் நின்ற குஜராத்திச் சகோதரிகள் இருவரும் ஒரே கப்பலில் போனார்கள். கோல்கீப்பர் ஆஸ்திரேலியாவுக்கு. பயிற்சி தரும் டோ கின் மே பாஸ்கெட்பால் ஆடுகிற பெண்களையும் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்த பெண்களையும் பிடித்து வந்து நிறுத்தியிருக்கிறார். பாவம், பந்து வந்தால் சிலர் பாவாடையைத்தான் முதலில் பிடிக்கிறார்கள்.

ஒரு வழக்கம் உண்டாகியிருக்கிறது. நீ இருந்தபோதே தொடங்கிவிட்டது, ஆனால் நீ கவனித்தாயோ இல்லையோ. புது ஸ்டிக் எதுவும் இப்போது வருவதில்லை. ஸ்டிக் விற்ற பர்கத்துல்லா கடை சர்க்கார் கைக்குப் போய் மக்கள் கடையாகிவிட்டது, அங்கே சோப்பும் உப்பும்தான் கிடைக்கின்றன. கப்பலேறும் பெண்கள் ஸ்டிக்கைக் கொண்டுபோகவும் முடியாது, துறைமுகத்தில் விட மாட்டார்கள். ஆகவே ஊருக்குப் போவது நிச்சயமானதும் அந்தப் பெண் தன் ஸ்டிக்கை ஒரு இளைய பெண்ணிடம் கொடுத்துவிடுகிறாள். வாங்கியவள் அன்று முதல் அதில் ஆடுகிறாள். கொடுத்தவள் மிச்சமிருக்கும் ஆட்டங்களைக் காலேஜுக்குச் சொந்தமான பழைய விரிசல் ஸ்டிக் ஒன்றில் ஆடி முடிக்கிறாள். யாரும் பிரசங்கம் செய்வதில்லை, அழுவதுமில்லை. செலினின் ஸ்டிக் இப்போது ஒரு கரேன் இனப் பெண்ணின் கையில் இருக்கிறது. கைப்பிடித் துணியில் மையால் எழுதிய 'செ' இன்னும் அழியவில்லை. ஒரு பெண் கையில் அந்த விரிசல் ஸ்டிக்கைப் பார்த்தால், அடுத்த கப்பலில் அவள் பெயர் இருக்கிறது என்று அணி முழுவதும் புரிந்துகொள்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கும் புரிகிறது.

கமலாட்சி நீ வாங்கிக் கொடுத்த ஸ்டிக்கில்தான் ஆடுகிறாள். காளியம்மா சுற்றிக் கொடுத்த சிவப்புத் துணி வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்டது. அவள்தான் இப்போது கேப்டன். சென்டர் ஹாஃபில் நிற்கிறாள். முன்னால் ஓடுகிறவர்களுக்கும் பின்னால் தடுமாறுகிறவர்களுக்கும் நடுவில் அவள் ஒருத்திதான் தூண். முதல் ஆட்டத்தை ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

உனக்குச் சிரிப்பு வரும் செய்தி ஒன்று. ஆட்டம் தொடங்குமுன் இந்தப் பெண்கள் வட்டமாக நின்று கைகளைச் சேர்த்து ஒரு கூச்சல் போடுகிறார்கள். என்ன கூச்சல் தெரியுமா? "விடாதே!" நீ வேலியைப் பிடித்துக்கொண்டு "விடாதே ஆத்தா, விடாதே!" என்று தமிழச்சி, பர்மியச்சி, சீனச்சி என்று பார்க்காமல் எல்லாரையும் பார்த்துக் கத்துவாயே, அதுதான். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அர்த்தம் தெரியாது. மா சன்சன் என்று ஒரு குட்டை ரைட் ஹாஃப் இருக்கிறாள், நீ பார்த்திருப்பாய். அவள் அதை உன் பெயர் என்றே வெகுநாள் நினைத்திருந்தாளாம். "ஊ விடாதே ஏன் வருவதில்லை, உடம்பு சரியில்லையா?" என்று கமலாட்சியிடம் விசாரித்தாளாம். உன்னை மரியாதையாக 'ஊ' போட்டுக் கூப்பிட்ட ஒரே ஆத்மா அவள்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. இதை முன்பே சொல்லியிருக்கவேண்டும். நீ எப்போதும் ஒரு குறை சொல்வாய்: "தொண்டை கிழியக் கத்துறேண்ணே, கழுதை ஒரு தடவையாவது திரும்பிப் பாக்குதா பாருங்க." அவள் திரும்பிப் பார்த்ததில்லை, உண்மை. தோழிகளுக்கு முன்னால் வெட்கம். ஆனால் நீ கத்திய ஒவ்வொரு தடவையும் அவள் ஸ்டிக்கால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். முதலில் அதை நான் பழக்கம் என்று நினைத்தேன். பிறகு கவனித்தேன். நீ காய்ச்சலில் வராத நாட்களில் தட்டவில்லை. நீ கத்திக்கொண்டே இருப்பதால் உன்னிடம் எதையும் சொல்ல எனக்கு இடம் கிடைத்ததில்லை. இந்த சீசனில் அவள் ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

இப்போது நீ சொன்ன காரியம். காளியம்மாவின் அண்ணன் மகன் குழந்தைவேலு பெரம்பூரில் ரயில் பட்டறை வேலையில் நிரந்தரமாகிவிட்டான் என்றும், அவன் வீட்டார் தையில் கல்யாணத்தை முடிக்க விரும்புகிறார்கள் என்றும், படிப்புக்காகக் காலேஜ் விடுதியில் விட்டுப்போன கமலாட்சியை ஜனவரிக் கப்பலில் வரச்சொல்லி நான் எடுத்துச் சொல்லவேண்டும் என்றும் எழுதியிருந்தாய். நீ எழுதினால் பதிலுக்கு "சீசன் முடியட்டும்" என்கிறாள், நான் நேரில் சொன்னால் கேட்பாள் என்பது உன் நம்பிக்கை. என்னைப் பற்றி உனக்கு எப்போதுமே கொஞ்சம் அதிக நம்பிக்கை.

ஆட்டம் முடிந்து வேலிக்கு அருகே வந்தாள். நீ கொண்டுபோகிற மாதிரி நான் ஆரஞ்சு கொண்டுபோயிருந்தேன். சுளையை உரித்துக்கொண்டே, "அப்பா கடுதாசி போட்டாங்களா பெரியப்பா?" என்றாள். போட்டார் என்றேன். "என்ன எழுதியிருக்காங்க?" என்றாள். மெட்ராஸில் மழை என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

டோ கின் மே என்னிடம் வந்து, பிப்ரவரியில் மாந்தளைக்குப் போகும் ரங்கூன் கூட்டு அணிக்குக் கமலாட்சியின் பெயரை அனுப்பியிருப்பதாகவும், நிச்சயம் எடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். உனக்கு அது தெரியுமோ தெரியாதோ. தெரிந்தால் உன் முடிவு மாறுமா என்று கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை. செய்தியை மட்டும் எழுதுகிறேன். அடுத்த ஆட்டத்தில் கட்டாயம் சொல்லிவிடுகிறேன்.

காளியம்மாவுக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் கூரையைக் காக்கட்டும்.

உன் அன்புள்ள,
பர்னபாஸ்


ரங்கூன்,
1966 ஜனவரி 9.

அன்புள்ள தம்பிக்கு,

புது வருஷம் உங்கள் இருவருக்கும் பழையதைவிட இளகிய மனதோடு நடந்துகொள்ளட்டும்.

உன் இரண்டாவது கடிதத்தில் கோபித்துக்கொண்டிருக்கிறாய். நியாயமான கோபம். "அண்ணே, ஹாக்கி ஆடாம யாரும் செத்ததில்ல. கப்பல் நின்னு போச்சுன்னா எம் புள்ளய யார் கொண்டாந்து சேக்கிறது? நீங்களா?" என்று எழுதியிருந்தாய். அந்த "நீங்களா" என்ற இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். நான் இல்லை, தம்பி. என்னால் ஒரு பெண்ணைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. என்னையே நான் சூலே பகோடா பக்கம் வாகன நெரிசலில் ரோடு தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இரண்டு தடவை திரும்பி வந்துவிடுகிறேன். காளியம்மா இரவில் தூங்குவதில்லை என்றும் எழுதியிருந்தாய். ஆகவே இந்தத் தடவை சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன்.

நேற்று அரையிறுதி, மருத்துவக் கல்லூரிப் பெண்களோடு. என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன். முதலில் அம்மாவின் தூக்கம், பிறகு கப்பல்கள் குறைந்துவருவது, பிறகு குழந்தைவேலுவின் நல்ல குணம், கடைசியில்தான் கல்யாணத் தேதி. ஆபீசில் மேலதிகாரிக்கு விண்ணப்பம் தயார் செய்வது மாதிரி. ஆட்டத்துக்கு முன்பே சொன்னால் அவள் ஆட்டம் கெடும், பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். அதிலும் கொஞ்சம் கோழைத்தனம் இருந்திருக்கலாம்.

பெண்கள் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஓடிக்கொண்டிருந்தார்கள். என் கண் எப்போதும் முதலில் சிவப்புத் துணியைத்தான் தேடும். அது ரைட் ஹாஃபில் தெரிந்தது. கமலாட்சி ஏன் இடம் மாறி நிற்கிறாள் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் அது சன்சன். உன் ஸ்டிக் சன்சனின் கையில் இருந்தது. ஆளுக்குப் பொருந்தாத உயரம், தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். நடுவில் கமலாட்சி நின்றாள். அவள் கையில் காலேஜின் விரிசல் ஸ்டிக், சணல் சுற்றியது.

ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் என்னிடம் வேலையில்லாமல் நின்றன. நான் சொல்வதற்கு முன்னாலேயே அவள் முடிவு செய்துவிட்டாள்.

ஆட்டத்தை உனக்குச் சொல்லவேண்டும். நீ பார்க்கவில்லையே என்பதைவிட, நீ பார்த்திருக்கவேண்டும் என்பதுதான் எனக்குத் துக்கம். அந்த ஸ்டிக்கில் ஓங்கி அடித்தால் பந்து நினைத்த திசையில் போகாது. முதல் இரண்டு அடி கோணலாகப் போனது. எதிரணிப் பெண்கள் சிரித்தார்கள். அதன் பிறகு அவள் ஓங்கி அடிக்கவே இல்லை. தள்ளினாள். பந்தைத் தடுப்பது, பக்கத்தில் தள்ளுவது, நகர்வது, மறுபடி வாங்கிக்கொள்வது. ஊசியில் நூல் கோப்பது போலிருந்தது. மூன்று வருஷமாக அவள் ஆட்டத்தைப் பார்க்கிறேன். பலத்தில்தான் ஜெயிக்கிறாள் என்று நீயும் நானும் பேசிக்கொள்வோம். தப்பு, தம்பி. பலத்தை எடுத்துவிட்ட பிறகும் முழு ஆட்டமும் அவளிடம் மிச்சமிருந்தது.

கடைசி நிமிஷங்களில் ஒரு பந்து அவளிடம் வந்தது. எதிரே இருவர். கோலைப் பார்த்தபடியே பார்வையை மாற்றாமல் வலது பக்கம் தள்ளிவிட்டாள். சன்சன் ஓடி வந்து உன் ஸ்டிக்கால் அடித்தாள். பலகையில் பந்து மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஜெயித்தார்கள். இறுதி ஆட்டம் வரும் இருபத்திரண்டாம் தேதி. கப்பல் பத்தொன்பதாம் தேதி.

பெண்கள் எல்லாரும் சன்சனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கமலாட்சி கோலுக்குள் போய்ப் பந்தை எடுத்து அம்பயரிடம் கொடுத்துவிட்டு நேரே வேலிக்கு வந்தாள். நான் ஆரஞ்சை நீட்டினேன். "பெரியப்பா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். ரெண்டு மாசமா நீங்க சொல்லாம திண்டாடுறது எனக்குத் தெரியும்" என்றாள். எனக்குத் தலை குனிந்துவிட்டது. "அப்பா எழுதுனதுக்கெல்லாம் என்கிட்ட பதில் இருந்திச்சு. அம்மா ஒரு கடுதாசி போட்டிச்சு, அதுக்குத்தான் பதில் இல்ல" என்றாள்.

அந்தக் கடிதம் உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். நீ வேலைக்குப் போயிருந்த சமயம் காளியம்மா பக்கத்துக் குடிசைப் பெண்ணைக் கொண்டு எழுதியிருக்கிறாள். "வான்னு ஒரு வார்த்தை அதுல இல்ல பெரியப்பா. உனக்குன்னு ஒரு பாய் வாங்கியிருக்கேன், மூலைல சுருட்டி வச்சிருக்கேன், வேற யாரும் அதுல படுக்கல. அவ்வளவுதான் எழுதியிருக்கு" என்றாள். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு, "அந்தப் பாய் அப்படியே இருந்தா நான் எப்படி மாந்தளைல போய் ஆடுறது?" என்றாள்.

மாந்தளை அணிப் பட்டியல் வந்துவிட்டிருந்தது, தம்பி. அவள் பெயர் இருந்தது. டோ கின் மேயிடம் அவளே போய் அதை அடித்துவிடச் சொல்லியிருக்கிறாள். இதை உனக்கு எழுதவேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். நான் தலையை ஆட்டினேன். ஆனால் நான் எதற்கும் தலையாட்டுகிறவன் என்று உனக்குத் தெரியும். நான் வாக்குக் கொடுத்ததாக அவள் எடுத்துக்கொண்டிருந்தால் கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

போகும்போது, "மெட்ராஸ்ல பொண்ணுங்க ஹாக்கி ஆடுவாங்களா பெரியப்பா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். "நீங்க விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரன் பேத்தி வந்துடும்" என்றாள். வாய் மட்டும் உன்னைக் கொண்டிருக்கிறது.

அவள் வருகிறாள். காளியம்மாவிடம் சொல். தூங்கச் சொல்.

பர்னபாஸ்


ரங்கூன்,
1966 ஜனவரி 22, இரவு.

அன்புள்ள தம்பி சபாபதிக்கு,

இந்தக் கடிதம் விமானத்தில் வருகிறது. உன் மகள் கப்பலில் வருகிறாள். எது முந்தும் என்று தெரியவில்லை. அவள் வந்து இறங்குமுன் நீ இதைப் படிக்கவேண்டும் என்பதற்காக மைதானத்திலிருந்து வந்தவன் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதன்கிழமை துறைமுகத்துக்குப் போனேன். நான் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்த இடம். இப்போது வாசல் கம்பிக்கு வெளியேதான் நிற்கவேண்டும். அணிப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மைதானத்தில் பார்த்துப் பழகிய எனக்கு லுங்கி கட்டி, கன்னத்தில் சந்தனம் போலத் தனாக்கா பூசி வந்தவர்களை அடையாளம் தெரியவில்லை. சன்சன்தான் "ஊ பர்னபாஸ்" என்று வந்து என் குடையை வாங்கிக்கொண்டாள். டோ கின் மே வரவில்லை. வந்தால் அழுதுவிடுவேன் என்று சொல்லியனுப்பினாராம்.

கமலாட்சி ஒரே ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். எல்லாரிடமும் பர்மிய பாஷையில் ஏதோ வேடிக்கை பேசிச் சிரிக்க வைத்தாள். எனக்குப் புரிந்த அளவில், இறுதி ஆட்டத்தில் தோற்றால் நீந்தித் திரும்பி வந்து உதைப்பேன் என்றாள். பிறகு என் காலைத் தொட்டாள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை, எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையில் சிலுவை போட்டேன். "ஞாபகமா சனிக்கிழமை போங்க பெரியப்பா. நீங்களும் போகலைன்னா வேலியோரம் யாரும் இருக்க மாட்டாங்க" என்றாள்.

அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் போய், சோதனை முடிந்து, கப்பலை நோக்கி நடந்தபோது சன்சன் திடீரென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு "விடாதே!" என்று கத்தினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். காவலர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. கமலாட்சி நின்றாள். திரும்பவில்லை. பெட்டியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். தட்டுவதற்கு அவள் கையில் ஒன்றுமில்லை, தம்பி. பிறகு ஏறிப்போனாள்.

இன்று இறுதி ஆட்டம். சொன்னபடி போனேன். சென்டர் ஹாஃபில் சன்சன் நின்றாள். அவளுடைய பழைய இடத்தில் பாஸ்கெட்பால் பெண் ஒருத்தி. பாதி ஆட்டத்துக்குள்ளேயே இரண்டு கோல் வாங்கிவிட்டார்கள். ஜெயிக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தோற்கிற அணியை ஏன் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆளாளுக்கு ஒரு கப்பல், ஒரு விமானம். அடுத்த வருஷம் செலினின் ஸ்டிக்கும் குஜராத்திப் பெண்களின் ஸ்டிக்குகளும் உடைந்துவிடும். அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. எழுந்து போகவும் மனம் வரவில்லை. இந்தப் பெண்களுக்கு நான் ஒன்றும் செய்ததில்லை. ஆனால் அவர்கள் ஓடும்போது யாராவது பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்று தோன்றியது. ரசிகன் என்பவனுக்கு அதைவிட வேறு என்ன வேலை?

இரண்டாவது பாதியில் எதிரணிக்கு ஷார்ட் கார்னர், கோல் விழ நல்ல வாய்ப்பு. நம் பெண்கள் கோல் கோட்டில் வரிசையாக நின்றார்கள். சன்சன் நடுவில், உன் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு. அப்போது யாரோ கத்தினார்கள். "விடாதே ஆத்தா, விடாதே!" என்று. குரல் உடைந்து, கிழவன் குரலாக இருந்தது. சைக்கிள் மாணவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் கத்தியது நான் என்று எனக்கே உறைத்தது. எழுந்து நின்றிருக்கிறேன். குடை கீழே கிடக்கிறது. அறுபத்தெட்டு வயதில், பொது இடத்தில், இப்படி.

சன்சன் திரும்பவில்லை. ஸ்டிக்கால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

உன் மகள் அவளுக்கு ஸ்டிக்கை மட்டும் கொடுக்கவில்லை.

அந்தப் பந்தைத் தடுத்துவிட்டார்கள். ஆட்டத்தைத் தோற்றார்கள். முடிந்ததும் ஆரஞ்சுகளை வேலி வழியாகக் கொடுத்தேன். ஒரு பெண்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

தம்பி, நான் உனக்குப் புத்தி சொல்கிறவன் அல்ல. பெண்ணைப் பெற்றவனும் அல்ல. தெரேசாவுக்கும் எனக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அப்படிப்பட்டவன் இதை எழுதலாமா என்று இரண்டு தடவை பேனாவை மூடிவிட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். அவள் வந்து இறங்கியதும், சந்தோஷமாகத்தான் வந்தேன் என்று சொல்வாள். நம்பு. அவளுக்கு எதிரில் நம்பு. மாந்தளையைப் பற்றி உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அம்மா வாங்கி வைத்த பாயில் நாலு நாள் தூங்கட்டும். குழந்தைவேலு நல்ல பிள்ளை என்று நீ சொல்கிறாய், நான் நம்புகிறேன். நல்ல பிள்ளையென்றால் தை போனால் மாசி என்று காத்திருப்பான். அவனிடம் அவளைப் பற்றிச் சொல்லும்போது சமையலைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் சொல்லுமுன், விரிசல் ஸ்டிக்கை வைத்துக்கொண்டு ஓர் அரையிறுதியை ஜெயித்தவள் என்று சொல். அதைக் கேட்டு அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்.

அவள் கேட்ட கேள்விக்கு விசாரித்துவிட்டேன். வாசகசாலையில் பழைய மெட்ராஸ் பத்திரிகைகள் கொஞ்சம் இருக்கின்றன. அங்கே பெண்கள் ஹாக்கி ஆடுகிறார்கள். ஒரு போட்டியைப் பற்றி நாலு வரி போட்டிருக்கிறான். எந்த மைதானம் என்று போடவில்லை. நீ அந்த ஊரில் இருக்கிறாய், வாய் இருக்கிறது, கேட்டுக் கண்டுபிடி. பேரன் பேத்தி வருமுன் விசாரித்துவிட்டேன் என்று அவளிடம் மறக்காமல் சொல்.

இங்கே என்னைப் பற்றிக் கவலைப்படாதே. அடுத்த சீசனுக்கு அணி இருக்குமோ தெரியாது. இருந்தால் போவேன் என்று சன்சனிடம் சொல்லியிருக்கிறேன். அமீர் அலி இன்று நான் தோல்வியோடு திரும்பியதைப் பார்த்து ஒன்றும் கேலி செய்யவில்லை. டீயை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரே ஒரு வேண்டுகோள். எப்பாடு பட்டாவது அவள் கையில் ஒரு ஸ்டிக் வாங்கிக் கொடு. பழையதானாலும் போதும். சிவப்புத் துணி காளியம்மா சுற்றட்டும். ஒரு நாள் சாயங்காலம் ஏதாவது ஒரு காலி இடத்தில் அவளை நிற்க வைத்துவிட்டு, நீ தள்ளிப் போய் நின்று உன் பழைய குரலில் ஒரு தடவை கத்து. அவள் திரும்ப மாட்டாள். நீ அவள் முகத்தைப் பார்க்காதே. தரையைப் பார்.

தேவன் உங்கள் மூவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உன் அண்ணன்,
பர்னபாஸ்